கருப்பு நிரப்பாத பெயர்

அக்டோபர் 9, புதன்

இந்த ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கல்லறைத் தோட்டம். அதிலும் வடக்கு மூலை. சார்லஸ் வாத்தியார் கல்லறை மேல் உட்கார்ந்தால் இரண்டு கோடு. ஏறி நின்றால் மூன்று. எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். உட்கார்ந்தேன்.

ஆய்வு நெறியாளருக்கு மெயில் அனுப்பினேன், மூன்றாம் அதிகாரம் முன்னேறுகிறது என்று. முன்னேறவில்லை.

வாத்தியார் கல்லில் எழுதியிருப்பது: "பேசாதே. எனக்குக் கேட்கிறது."

அதனால் யாருக்கும் போன் செய்யவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் கோட்டி பிடித்திருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு பங்குச்சாமியார், கல்லில் போட எல்லாரும் ஒரே வேத வசனத்தைக் கொண்டு வருகிறார்களே, வேறு எதுவுமே தோன்றாதா என்று சலித்துக்கொண்டாராம். ஊர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டது.

இன்று மெயில் போகக் காத்திருந்தபோது படித்தவை.

சூசை மரியான்: "லேசான வாயுதான் என்றார்."

அந்தோனி பிச்சை, பஸ் கண்டக்டர்: "உள்ளே இடம் இருக்கு. ஏறி வாங்க."

இரண்டு மனைவிகளுக்கு மத்தியில் படுத்திருக்கும் லாசர் ரோச்: "இப்போதும் நடுவில்."

கோயில் பாட்டுக்குழுவில் நாற்பது வருடம் பாடிய ஞானப்பூ அக்கா: "இனி நீங்கள் நிம்மதியாகப் பாடலாம்."

அப்பா கல்லில் வசனம்தான். இன்னாசி மோத்தா. இறப்பு 14.3.2016. பக்கத்துப் பாதியில் அம்மா பெயர். செசிலி மோத்தா. பிறப்பு 22.11.1970. இறப்பு என்ற சொல். பிறகு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கணவன் கல்லைப் போடும்போதே மனைவி பெயரையும் வெட்டிவிடுவார்கள். பிறகு ஒரு தேதி மட்டும் சேர்த்தால் போதும்.

அம்மா பெயர் மங்கலாக இருக்கிறது. பாசி போல.

வீட்டுக்கு வந்து அரை கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். நவீன கவிதையில் வெற்றிடம் என்பது என் ஆய்வுத் தலைப்பு. அம்மா கேட்டாள், "ஒண்ணுமில்லாததப் பத்தி இருநூறு பக்கமா எழுதுத?"

அக்டோபர் 13, ஞாயிறு

மதியம் சீலா மீன் குழம்பு. அம்மா நடுத்துண்டை எனக்கு வைத்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"வெரோ, வார ஞாயித்துக்கெழமை கோயில்ல ஓலை வாசிக்கப் போறாங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. மூன்றும் முடிந்தால் கல்யாணம்.

மாப்பிள்ளை தொபியாஸ் கொரைரா. துறைமுகத்தில் கப்பலை இழுத்துவரும் படகில் எஞ்சின் டிரைவர், ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பதினோரு வருடம். போன வருடக் கல்லறைத் திருநாளில் பழக்கமாம். மெழுகுவத்தியும் கையுமாக.

நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா பேசினாள்.

"மூணாவது ஓலைக்கு முன்னாடி 'வேண்டாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. நிறுத்திருதேன். காரணம் கேக்க மாட்டேன். மூஞ்சியத் தூக்கிட்டு அலைய மாட்டேன்."

"வேணும்னா சரின்னு சொல்லணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். உன்னைய இழுத்து வச்சு ஆசீர்வாதமா கேக்கப் போறேன்? சும்மா இரு, போதும்."

நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். சீலாவில் அவ்வளவு முள் கிடையாது.

அக்டோபர் 14, திங்கள்

மிளகாய் காயப் போட்டேன். மழை. எடுத்தேன். வெயில். போட்டேன். மழை.

அக்டோபர் 16, புதன்

அவர் வந்தார். கிணற்று மோட்டார் ஒரு வாரமாக ஓடவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்து அதைப் பிரித்தார். உயரம். பெரிய காது. சிரிப்பதே இல்லை. அவர் ஏதாவது சொன்னால் அம்மா சிரிக்கிறாள். சொன்னது என்னவென்றால், "பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "இந்தாங்க, டீ" என்றேன். தமிழில் ஆளைக் கூப்பிடாமலே எவ்வளவோ நேரம் பேசலாம்.

மோட்டார் ஓடுகிறது. முன்பைவிடச் சத்தம் குறைவு. சத்தமாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

முதல் ஓலை. ரெமிஜியுஸ் சாமியார் வாசித்தார். காலஞ்சென்ற இன்னாசி மோத்தாவின் மனைவி செசிலிக்கும், காலஞ்சென்ற எலிசபெத்தின் கணவர் தொபியாஸுக்கும். கோயிலில் விசிறி மட்டைகள் ஒரே நேரத்தில் நின்றன. அம்மா நேராகப் பார்த்தபடி இருந்தாள். காது சிவந்திருந்தது.

பூசை முடிந்து பிலோ அத்தை நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"மைனி, எங்கண்ணன் பக்கத்துல உங்க பேரு இருக்கு. கல்லுல வெட்டிக் கிடக்கு."

"கிடக்கட்டும் பிலோ. பேரு அங்க இருக்கு. நான் இங்க இருக்கேன். இட்லி சாப்பிடுதியா?"

"எனக்கு வேண்டாம்."

ஆறு சாப்பிட்டாள். சாப்பிடும்போது அழுதாள். அம்மா சட்னி ஊற்றினாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பிலோ அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

"ஏட்டி, நீ டவுனுக்குத்தான போற? ஆபேல் கடையில சொல்லிட்டு வா. அண்ணன் கல்லுல எழுத்தெல்லாம் மங்கிட்டு. ரெண்டு பேரு பேரையும் நல்லா கருப்படிக்கச் சொல்லு. கல்லறைத் திருநாளுக்கு ஊரே வரும். செசிலி மோத்தான்னு பளிச்சுன்னு தெரியணும். எல்லாவனும் பாக்கட்டும். அவளும் பாக்கட்டும்."

"நீங்களே போன் பண்ணுங்க அத்தை."

"நீ எங்கண்ணனுக்கு மகதான? உனக்குச் சொல்ல வாய் வராதா?"

நூலகம் போகும் வழிதான். சுற்றிப் போக வேண்டியதில்லை. அதனால்தான் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஆபேல் கல்லறைக் கல் நிலையம். பைபிளில் உலகத்தின் முதல் பிணத்தின் பெயர். சுற்றுவட்டாரத்துக் கல்லறைகளுக்கெல்லாம் இவர்தான் கல் வெட்டுகிறார். எங்கள் ஊர் ஆள்களின் முகம் அவருக்குத் தெரியாது, கல் தெரியும்.

"எங்க அப்பா கல்லு. இன்னாசி மோத்தா, செசிலி மோத்தா. ரெண்டு பேரு பேரையும் கருப்படிக்கணும்ணே."

சுத்தியலை நிறுத்தினார். "ரெண்டு பேரையுமா?"

"ஆமா."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு டீ வரவழைத்தார். பன் வேண்டுமா என்று கேட்டார். ஸ்டூலைத் தன் துண்டாலேயே துடைத்தார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல கடை. பன் புதிது.

அக்டோபர் 24, வியாழன்

சார்லஸ் வாத்தியார் மேல் உட்கார்ந்திருந்தபோது ஆபேல் அண்ணன் போன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இறந்த தேதி மட்டும் ஒண்ணு சொல்லிருங்க. கல்லுல தப்பு வந்துரக் கூடாது."

"மார்ச் பதினாலு, ரெண்டாயிரத்துப் பதினாறு."

அந்தப் பக்கம் ஏதோ தாள் புரளும் சத்தம்.

"பதினாறா?"

"பதினாறுதான்."

"சரிம்மா. தைரியமா இருங்க. சாப்பிடாம இருந்துராதீங்க."

"சரிண்ணே."

எட்டு வருடம் கழித்து ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். அப்போது நான் பதினேழு வயதில் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அம்மாவுக்குச் சொன்னார்கள். என்னிடம் பரீட்சை எப்படி என்று கேட்டார்கள்.

கண்ணில் தூசி விழுந்தது. மூன்று நாளாக மழை. ஆனாலும் தூசி.

அக்டோபர் 27, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை விசிறிகள் நிற்கவில்லை. ஊருக்குப் பழகிவிட்டது. எனக்கு ஒரு வாரம் மீதி.

மாலையில் சிக்னலுக்காகப் போனேன். அவர் அங்கே இருந்தார். மனைவி கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கண்டும் காணாதது போலப் போயிருக்கலாம். கையில் பிடுங்கிய புல்லோடு எழுந்து நின்றுவிட்டார்.

கல்லின் ஒரு பாதியில் எலிசபெத் கொரைரா. மறு பாதியில் அவர் பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே:

"அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்."

நான் ஒரு சத்தம் போட்டேன். சிரிப்பு மாதிரி வெளியே வந்தது.

"உங்க அம்மாவும் இதே இடத்துல நின்னுதான் சிரிச்சாங்க," என்றார். "போன திருநாளுக்கு. மெழுகுவத்தி அணைஞ்சு போச்சு. என்கிட்ட தீப்பெட்டி வாங்கினாங்க."

"இது நீங்களே சொல்லி எழுதினதா?"

"எங்க கிளம்பினாலும் எலிசா முதல்ல ரெடியாகி வாசல்ல நிப்பா. நான் உள்ள இருந்து இதைத்தான் சொல்லுவேன். அவளுக்குப் பழக்கம்தான்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். பிறகு புல்லைக் கீழே போட்டுவிட்டு, "ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"கடைசியில உங்க அம்மா உங்க அப்பா பக்கத்துலதான். நான் இங்க. அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒரே வீட்டுல டீ."

நான் தலையாட்டினேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் மறுபடி புல் பிடுங்க உட்கார்ந்தார். நானும் இரண்டு பிடுங்கினேன். நன்றாக வேரோடு வந்தது.

அக்டோபர் 28, திங்கள்

அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னவள்.

சரி என்று சொல்வதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. சும்மா இருப்பதுதான் சரி. நான் சும்மாதான் இருக்கிறேன். ஆனால் நான் சும்மா இருப்பது அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வெற்றிடம் பற்றி ஏழு புத்தகம் படித்தவள் நான்.

நவம்பர் 1, வெள்ளி

நாளை கல்லறைத் திருநாள். மழை இன்றுதான் விட்டது. ஆபேல் அண்ணன் வேலைகள் எல்லாம் தள்ளிப்போய், இன்று காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் கல் கொத்துகிற சத்தம். நான் போகவில்லை. அம்மாவும் நானும் முறுக்கு சுட்டோம். எனக்கு வட்டம் வராது. அம்மா என் முறுக்கைப் பார்த்து, "இதுதான் நவீன கவிதையா?" என்றாள்.

நிறையச் சிரித்தோம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 2, சனி

சாயங்காலம் பூமாலை, மெழுகுவத்தி, சாம்பிராணியோடு போனோம். அப்பா கல்லைச் சுற்றிக் கூட்டம். எங்களைப் பார்த்ததும் விலகினார்கள். சிலர் அம்மாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

செசிலி மோத்தா. பிறப்பு 22.11.1970. இறப்பு 14.3.2016.

அழகாக வெட்டியிருந்தார். புது எழுத்து, பழைய எழுத்து வித்தியாசமே தெரியவில்லை. எல்லாம் கன்னங்கரேலென்று.

வெளியூர் அம்மாள் ஒருத்தி, யார் வீட்டுக்கோ வந்தவள், கல்லைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி அம்மா கையைப் பிடித்தாள். "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நாளா! பாவம். நீங்க தங்கச்சியா?"

"ஆமா," என்றாள் அம்மா.

பிலோ அத்தை ஓடிவந்தாள். கல்லைப் பார்த்தாள். வாயில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி வெரோ! நான் கருப்படிக்கத்தான சொன்னேன்! கொல்லவா சொன்னேன்! மைனி, நான் சத்தியமா கொல்லச் சொல்லல மைனி!"

"எனக்குத் தெரியும் பிலோ. அழாத. நான் இருக்கேன்."

ரெமிஜியுஸ் சாமியார் ஒவ்வொரு கல்லாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல் முன்னால் நின்றார். படித்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படித்தார். அப்பா பாதியில் தெளித்தார். பிறகு அம்மா பாதியிலும் கொஞ்சம் தெளித்து, மிச்சத்தை அம்மா மேலேயே தெளித்தார்.

ஆபேல் அண்ணன் நான்கு கல்லறை தள்ளிக் கடைசி வேலையில் இருந்தார். கூட்டிவந்தார்கள். "இவங்கதான் செசிலி," என்று யாரோ காட்டினார்கள். அவர் கண்டக்டர் அந்தோனி பிச்சை மேல் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்த பிறகு பேசினார். அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரை வெட்டலாம், உள்ளே கருப்பு நிரப்பக் கூடாது. போன பிறகுதான் கருப்பு. அம்மா பெயர் மங்கலாக இருந்தது பாசியால் இல்லை. எட்டு வருடமாக அது நிரப்பாத பெயர். பிலோ அத்தைக்கும் எனக்கும் அது தெரியாது. ரெண்டு பேரையும் கருப்படிக்கணும் என்று மகளே வந்து சொன்னால் என்ன அர்த்தம்?

"துக்க வீட்டுப் புள்ளைகிட்ட எப்பம்மா, எப்படிம்மான்னு நோண்டிக் கேக்க முடியுமா? தேதி மட்டும் கேட்டேன். அப்பாவுக்குப் போட்ட அதே தேதியச் சொல்லுது. எனக்கும் யோசனதான். அப்ப ரெண்டாவது பேருக்கு ஏன் இத்தன வருஷம் தேதி போடாம விட்டாங்கன்னு. ஆனா படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான இருக்கும்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. குனிந்து அந்தத் தேதி மேல் விரலை ஓட்டினாள்.

"தேதி சரிதான்," என்றாள். மெல்லமாக. எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

பிறகு நிமிர்ந்தாள். "சாமி, நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்."

"செசிலி, இது கல்லுக்காரர் தப்பும்மா. அதுக்குப் போய்..."

"கல்லுக்காரர் கேட்டதுக்கு அவ சொல்லிருக்கா சாமி. எங்கிட்ட வாய் திறந்து சொல்ல முடியல. பரவால்ல." என் பக்கம் திரும்பினாள். "பரவால்லட்டி. காரணம் கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

சிரித்தாள். மூஞ்சியைத் தூக்கவில்லை. சொன்னபடியே.

தொபியாஸ் கொரைரா கூட்டத்துக்குப் பின்னால் குடையோடு நின்றிருந்தார். அம்மா அவரிடம் ஏதோ சொன்னாள். "சரி," என்றார். குடையை விரித்தார். மழை இல்லை. மறுபடி மடக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அம்மா, நான் அப்பா தேதியக் கேக்காருன்னு நினைச்சேன். எனக்கு இறந்த தேதின்னா அது ஒண்ணுதான் தெரியும்."

"தெரியும்ட்டி."

"நீங்க கல்யாணம் பண்ணிக்கங்க."

"நான் அழுதுருவேன்னு இப்ப சமாதானத்துக்குச் சொல்லுத. விடு. முறுக்கு நமத்துப் போச்சு, டப்பாவ மூடு."

மூடினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வருவதாகச் சொல்லியிருந்த ஆபேல் அண்ணன் எனக்கு முன்பே வந்து கல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை போல.

"தேய்ச்சு எடுத்தா அந்தப் பாதியே குழி விழுந்துரும்மா. மேல தகடு அடிக்கலாம். அசிங்கமா இருக்கும். புதுக்கல்லு நானே போட்டுத் தாரேன், ஆனா மாசக்கணக்காகும்."

"இன்னைக்கு எட்டரைக்குப் பூசை அண்ணே."

"கல்லுல எழுத்த எடுக்க முடியாதும்மா. சேக்கத்தான் முடியும்."

நான் கல்லைப் பார்த்தேன். அப்பா. வசனம். அம்மா. அந்தத் தேதி. அதற்குக் கீழே இன்னும் ஒரு முழம் கல் சும்மா கிடந்தது.

அந்த மார்ச்சுக்குப் பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்று யோசித்தேன். முதல் வருடம் அடுப்பு பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவாள். இரண்டாம் வருடம் மறப்பதில்லை, ஆனால் உப்பு இருக்காது. நான் சென்னைக்குப் படிக்கப் போனபோது பஸ் நகர்ந்ததும் கையசைக்காமல் நின்றாள். எப்போது உப்பு திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஊரில் இல்லை.

"சேருங்கண்ணே," என்றேன். சேர்க்க வேண்டியதைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"சாமி சம்மதிப்பாரா?"

"முதல்ல வெட்டுங்க. சாமிகிட்ட நான் பேசுதேன்."

உளியை எடுத்தார். மூன்று சொல். முதல் மணி அடிக்கும்போது முடித்துவிட்டார். தண்ணீர் ஊற்றித் துடைத்தார். டப்பாவைத் திறந்து பிரஷைத் தோய்க்கப் போனவர், நிறுத்தி, மூடிவிட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா பூசைச் சேலையில் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னட்டி, பூசைக்கு நேரமாச்சு."

"வழிதான். வாங்க."

"நேத்தே பாத்தாச்சு. எத்தன தரம் பாக்க?"

"வாங்கம்மா."

கல் முன்னால் நிறுத்தினேன். ஆபேல் அண்ணன் எழுந்து தள்ளி நின்றுகொண்டார். எழுத்துகள் வெள்ளையாக, ஈரமாக இருந்தன.

செசிலி மோத்தா
பிறப்பு 22.11.1970
இறப்பு 14.3.2016
பிறகு மனம் மாறினார்.

அம்மா படித்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். தப்பாக எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன்.

பிறகு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிற்க முடியாமல் அப்பா பாதியில் உட்கார்ந்து, கல்லைத் தட்டித் தட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள். கண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. சிரிப்பை நிறுத்தவுமில்லை.

"யாரு எழுதினா?"

"நான்தான்."

"நீயா!" என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையில் கல்தூள். "நீயாட்டி!"

"ஆமா."

இரண்டாம் மணி அடித்தது.

"ஐயோ, சாமிகிட்ட வாசிக்க வேண்டாம்னு சொல்லிட்டேனே!"

எழுந்து ஓடினாள். ஐம்பத்து மூன்று வயது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாத்தியாரையும் கண்டக்டரையும் ஞானப்பூ அக்காவையும் தாண்டி ஓடினாள். நான் பின்னால். என்னால் பிடிக்க முடியவில்லை.

சாமியார் பூசை உடுப்பு மாட்டும் அறை வரைக்கும் போய் மூச்சு வாங்கினோம். அவர் என்னைப் பார்த்தார். "தடை?"

"இல்ல சாமி. கல்லுல ஒரு வரி சேத்திருக்கேன். பூசை முடிஞ்சு காட்டுதேன். திட்டணும்னா அப்புறமா திட்டுங்க."

பிரசங்கம் நீண்டது. முடிந்ததும் சாமியார் ஒரு தாளை எடுத்தார். மூன்றாம் முறையாக அறிவிக்கிறோம் என்றார். தொபியாஸ் என்ற பெயர் வந்ததும் ஆண்கள் பக்கம் அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அம்மாவையே பார்த்தார். அம்மா இருந்த இடத்திலிருந்து தலையை ஆட்டினாள். அவர் முகத்தில் பல் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

"தடை ஏதும் அறிந்தவர்கள்..."

சாமியார் நிறுத்தினார். கோயில் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் சும்மா இருந்தேன்.

பின் பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். எல்லாத் தலையும் அங்கே திரும்பியது. பிலோ அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சும்மா இருமல் சாமி. நீங்க வாசிங்க."

வாசித்தார்.